கடைசிப் பக்கத்தில் பாக்குமரம்

அத்தியாயம் 7

பாராடாங் தீவுக்கு வண்டிகளை ஏற்றிக் கடக்கும் படகில் எங்கள் பேருந்துக்கு இடமில்லை. முன்னால் நின்ற லாரி ஒன்று இரண்டு வண்டிகளின் இடத்தை அடைத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த நடைக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்று துறையில் இருந்தவர் இந்தியில் சொன்னார். சொல்லிவிட்டு, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி டீ குடிக்கப் போய்விட்டார். மாயாபந்தரில் மூன்று மணிக்கு விசாரணை. இப்போதே மணி எட்டு. வழியில் இன்னும் எங்கெங்கே இப்படி நிற்கப் போகிறோமோ என்று நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உமா மகேஸ்வரி மேடம் கலங்கவில்லை. பேருந்தின் நிழலில் ஒரு கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போர்ட் பிளேயர் துறைமுகத்தில் இருபது வருடம் சரக்குப் பட்டியல்களைச் சரிபார்த்து, அதில் எத்தனையோ பேருடைய குட்டை உடைத்து, கடைசியில் வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். நான் டெர்வின், அவருடைய உதவியாளன். என் கார்டில் 'துணைத் துப்பறிவாளர்' என்று அச்சடித்து வைத்திருக்கிறேன். மேடம் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

வழக்கு சின்னது. அப்படித்தான் நான் நினைத்தேன். மாயாபந்தரில் பவழக்கரைக் கல்லூரி என்று ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது. கடைசி வருடத்தில் மொத்தமே பதினெட்டுப் பேர். ஆளுக்கொரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். எல்லாவற்றிலும் நல்ல கட்டுரை எதுவோ, அதை எழுதியவரை மெயின்லேண்டில் மேல்படிப்புக்குக் கல்லூரியே பரிந்துரைக்கும். இந்த வருடம் இரண்டு கட்டுரைகள் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. ஒன்று பெனிட்டாவுடையது, மற்றது ஹரிஹரனுடையது. ஹரிஹரன் செவ்வாய்க்கிழமை கொடுத்திருக்கிறான், பெனிட்டா வியாழக்கிழமை கொடுத்திருக்கிறாள். பிந்திக் கொடுத்தவள் பார்த்து எழுதினாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

பெனிட்டாவின் அப்பா வேதநாயகம் மீன்பிடிப் படகு வைத்திருப்பவர். போன வாரம் கப்பலேறி போர்ட் பிளேயர் வந்து, எங்கள் அலுவலக வாசலில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றார். உள்ளே இரண்டு கட்டுரைகளின் ஜெராக்ஸ் பிரதிகள், குற்றச்சாட்டுக்குப் பதில் எழுதுவதற்காகக் கல்லூரி கொடுத்தவை. நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

"சீட்டு கெடச்சா சந்தோசம்மா. கெடைக்கலன்னா போவட்டும், கடல் எங்கயும் போயிராது. எம்மவ களவாணி இல்லன்னு அந்த ரூம்ல வச்சி ஒரு ஆளு சொல்லணும். அது போதும்" என்றார்.

மேடம் உடனே ஒப்புக்கொண்டார். நான் அந்தக் கட்டுரைகளை இரண்டு நாள் அளக்கும் அடிக்குச்சியும் கையுமாக ஆராய்ந்தேன். கல்லூரியின் கட்டுரை விதிகள் அப்படிப்பட்டவை. இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம். எழுத்தின் அளவு பன்னிரண்டு. வரிக்கு வரி இரட்டை இடைவெளி. பக்க எண் கீழே நடுவில். அட்டையில் தலைப்பு போடக் கூடாது, பெயரும் எண்ணும் மட்டும். துணைநூல் பட்டியல் தனித் தாளில், அகரவரிசையில். இதெல்லாம் ஜெராக்ஸோடு வந்த விதித் தாள் ஒன்றில் அச்சாகியிருந்தது. இவ்வளவு சட்டம் போட்டவர்கள் உள்ளே என்ன எழுத வேண்டும் என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை.

"இரண்டும் ஒரு நூல் பிசகல மேடம். இரட்டைக் குழந்தைங்க. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே தொட்டில்" என்றேன்.

மேடம் காதில் வாங்கவில்லை. அவர் எந்தக் காகிதத்தையும் பின்னாலிருந்துதான் படிப்பார். சரக்குப் பட்டியலில் பொய் சொல்பவன் முதல் பக்கத்தில் ஒழுங்காக இருப்பான், கடைசிப் பக்கம் வரும்போது அவனுக்கு அலுத்துவிடும் என்பது அவருடைய கணக்கு. இரண்டு கட்டுரைகளின் கடைசித் தாளையும் தொடையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் படகுத்துறையையே பார்த்தார்.

"இந்தக் கட்டுரை எதைப் பத்தி, டெர்வின்?"

"நாம மாட்டிட்டு நிக்கிற இதைப் பத்திதான். பாராடாங் துறையில வண்டிங்க காத்துக் கெடக்கிறதால காய்கறி எவ்வளவு அழுகுது, பிரசவத்துக்குப் போறவங்க எப்படி அல்லாடறாங்க, அது."

பெனிட்டா அதை நன்றாகவே எழுதியிருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் இந்தத் துறையில் நின்று, ஒவ்வொரு வண்டியும் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கடந்தது என்று குறித்திருந்தாள். ஓர் ஆம்புலன்ஸ் ஒரு மணி பத்து நிமிடம் நின்றதைப் பற்றி ஒரு பத்தி. அதைப் படித்த பிறகு நான் அன்றைக்கு மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

"இது பெனிட்டாவோட கடைசித் தாள். படகுப் போக்குவரத்து, சாலை, ஆஸ்பத்திரி. எல்லாம் சரி" என்ற மேடம், மற்ற தாளை என்னிடம் நீட்டினார். "இது ஹரிஹரனோடது. வாசி."

வாசித்தேன். பாக்கு மரத்தில் வரும் அழுகல் நோய். திக்லிபூர் மண்ணில் பாக்குச் சாகுபடி. பாக்கு உலர்த்தும் களங்கள். பாக்கு, பாக்கு, பாக்கு. பதினோரு நூல்களில் ஒன்றில்கூட மருந்துக்கும் படகு இல்லை. பட்டியல்கள் வேறு வேறு என்று நானும் பார்த்திருந்தேன். திருடியவன் கண்ணில் மண்ணைத் தூவ மாற்றியிருப்பான் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"அப்ப ஹரிஹரன்தான் கை வெச்சிருக்கான். கேஸ் முடிஞ்சுது மேடம். ஒரு டீ சொல்லட்டா?"

"அவசரப்படாதே. கண்ணுல மண்ணைத் தூவணும்னா படகைப் பத்தி வேற நாலு புக் போட்டிருப்பான். பாக்கைப் பத்திப் பதினொரு புக் தேடி, அகரவரிசையில அடுக்கி வெச்சிருக்கான்னா, அவன் உண்மையாவே பாக்கைப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்கான். அது எங்கே?"

 கல்லூரியில் எல்லோரும் திருடியவர் யார் என்று தேடிக்கொண்டிருக்க, மேடம் காணாமல் போன ஒரு பாக்குக் கட்டுரையைத் தேட ஆரம்பித்துவிட்டார். அதற்குள் படகு வந்தது.

மாயாபந்தரில் இறங்கும்போது மணி ஒன்று. பேருந்து நிலையத்தில் வேதநாயகம் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுக்கொள்கிற வெள்ளைச் சட்டை. கட்டுரை எங்கே தட்டச்சு ஆனது என்று மேடம் கேட்டதற்கு, காலேஜ் கம்ப்யூட்டர் ரூமில்தான் என்று பிள்ளை சொன்னதாகச் சொன்னார். அவரைக் கல்லூரிக்குப் போய் உட்காரச் சொல்லிவிட்டு, மேடம் ஜெராக்ஸை மறுபடி எடுத்தார்.

"இந்தக் கறுப்புப் புள்ளி வரிசையைப் பாத்தியா?"

ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஓட்டைகள் ஜெராக்ஸில் கறுப்பாக விழுந்திருந்தன. இரண்டு கட்டுரைகளிலும் மேலிருந்து ஒன்பதாவது புள்ளி இல்லை. ஓட்டை போடும் மெஷினில் ஒரு பல் உடைந்திருக்கிறது. கல்லூரி கம்ப்யூட்டர் ரூமில் பைண்டிங் மெஷின் இருக்காது.

"ஒம்பதாவது பல்லு போன மெஷின். பல் டாக்டர்கிட்ட விசாரிக்கணுமா, கடையில விசாரிக்கணுமா?" என்றேன்.

மேடம் என் சட்டைப் பையிலிருந்த பேருந்து நேர அட்டவணையைப் பிடுங்கி, போய் ஓட்டை போட்டுக்கொண்டு வா என்று பஜாருக்குத் துரத்தினார். முதல் கடையில் ஒரு தெலுங்குக்காரர், ஒரு தாளுக்கெல்லாம் பைண்டிங் கிடையாது என்று விரட்டினார். கெஞ்சி ஓட்டை போட வைத்தேன். எல்லாப் பல்லும் இருந்தது. இரண்டாவது கடையிலும் அப்படியே. மூன்றாவது ஜெட்டிக்குப் போகும் சரிவில் இருந்தது. 'நளினி ஜாப் டைப்பிங்'. அங்கே போட்ட வரிசையில் ஒன்பதாவது இடம் மூடியே இருந்தது. ஓடிப்போய் மேடத்தைக் கூட்டி வந்தேன். அட்டவணையில் இப்போது மூன்று வரிசை ஓட்டை. திரும்பிப் போக எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இனி யாரையாவதுதான் கேட்க வேண்டும்.

கடைக்காரி நளினிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த அரசு ஊழியர் குடும்பம், பிறந்தது இங்கேதான். சுவரில் கல்லூரியின் கட்டுரை விதிகள் ஒட்டியிருந்தன. ஒரே தாள், ஒன்றிலிருந்து பதினான்கு வரை. பக்கத்தில் அடிக்குச்சி தொங்கியது. மேடம் வந்த காரியத்தைச் சொன்னதும், நளினி முதலில் எந்த மாணவரையும் தெரியாது என்றாள். மேடம் அந்த அடிக்குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நளினி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் வேலை செய்யும் விதம் இதுதான். அத்தனை விதிகளுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு கட்டுரையை அமைக்க அரை நாள் பிடிக்கும். மாயாபந்தரில் அரை நாள் சேர்ந்தாற்போல் கரண்ட் இருக்காது. அதனால் முதலில் ஒன்றை ஒழுங்காக அமைத்துக்கொண்டாள். அடுத்த ஆள் வந்ததும் அதையே திறந்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதியதை அடிப்பாள். பிறகு வேறு பெயரில் சேமித்து, அட்டையையும் துணைநூல் பட்டியலையும் மாற்றுவாள். ஓரம், இடைவெளி, பக்க எண் எல்லாம் தானாக அப்படியே நிற்கும்.

"பெனிட்டாவோடதை எதுல அடிச்சே?" என்று மேடம் கேட்டார்.

நளினி கணினியைத் தட்டி ஹரிஹரன் பெயரில் இருந்ததைத் திறந்தாள். அட்டையில் ஹரிஹரன். உள்ளே பாராடாங் படகு. கடைசியில் பாக்குமரம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு, திங்கள்கிழமை, பெனிட்டாவின் கையெழுத்து நோட்டைப் பார்த்து அடிக்கும்போது கரண்ட் மூன்று தடவை கண் சிமிட்டியிருக்கிறது. அடித்தது போய்விடக் கூடாதே என்று பெயரை மாற்றுவதற்கு முன்பே, கடைசி வரி வரை, ஹரிஹரன் பெயரிலேயே சேமித்துவிட்டாள். ஹரிஹரனின் கட்டுரை அந்த நிமிடமே அழிந்துவிட்டது. மறுநாள் அவன் அப்பா கோவிந்தராஜ் ஜீப்பில் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, அவள் அச்செடுத்து, ஓட்டை போட்டு, சுருளை மாட்டிக் கொடுத்தாள். அவன் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனான். பெனிட்டா மட்டும் தன் கட்டுரையை வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு நாள் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துவிட்டு வியாழக்கிழமை கொடுத்தாள்.

"கல்தி ஹோ கயா மேடம். என் தப்பு. அந்தப் புள்ளையைத் திருடின்னு சொல்றாங்கன்னு கேட்டப்பகூட எனக்கு இது தோணலயே" என்று நளினி அழுதாள்.

யாரும் திருடவில்லை. ஒரு கரண்ட் கட்டும், ஒரு கைப்பழக்கமும், ஒரு ஜீப் ஹாரனும் சேர்ந்து செய்த வேலை. எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போல இருந்தது. கல்லூரியில் வந்து இதையே சொல்ல முடியுமா என்று மேடம் கேட்டார். நளினி தயங்காமல் ஷட்டரை இழுத்து மூடினாள். போகிற வழியில் நான்தான் பேசிக்கொண்டே போனேன். ஹரிஹரனும் அப்பாவிதான், பாவம், கையெழுத்து நோட்டிலிருந்து அவன் பாக்குமரமும் திரும்பக் கிடைத்துவிடும் என்றேன். கட்டுரைக் குழுவின் தலைவர் தம்பையா சார் அடிக்குச்சியோடு தூங்குகிறவர் என்று நளினி சொன்னாள். அந்தக் குச்சியாலேயே அவர் தலையில் அவரே தட்டிக்கொள்ளப் போகிறார் என்றேன். மேடம்கூடச் சிரித்தார்.

கல்லூரி கேட்டில் பெனிட்டா நின்றிருந்தாள். ஒல்லியான பெண், கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. எங்களுக்குப் பின்னால் வந்த நளினியைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. வேகமாக வந்து எங்களைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனாள்.

"நளினி அக்காவை எதுக்கு மேடம் கூட்டிட்டு வந்தீங்க?"

மேடம் சொன்னார். பெனிட்டா குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாள். பாக்கு நூல்களைச் சொன்னபோது ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். கட்டுரை விதிகளின் இரண்டாவது பக்கம். நளினியின் சுவரில் இல்லாத பக்கம். ஓரமும் இடைவெளியும் முதல் பக்கத்தோடு முடிந்துவிட்டதால் அவளுக்கு இது தேவைப்படவே இல்லை.

இருபத்திரண்டாவது விதியைப் பெனிட்டா விரலால் காட்டினாள். கட்டுரையை மாணவர் கல்லூரிக் கணினியில் தாமே தட்டச்சு செய்ய வேண்டும். வெளியாள் எவரிடமும் தட்டச்சு செய்து வாங்கினால் கட்டுரை செல்லாது, அந்த வருடமும் செல்லாது. கீழே உறுதிமொழி.

"கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கோம். பதினெட்டு பேரும்" என்றாள்.

கல்லூரியில் ஆறு கணினிகள், அதில் வேலை செய்தவை இரண்டு, அதற்கும் கரண்ட் வேண்டும். பதினெட்டுப் பேரும் நளினியிடம்தான் போயிருக்கிறார்கள். இந்த ஊரில் அது ஒரு ரகசியமே இல்லை. ஆனால் யாரும் அந்த அறைக்குள் போய் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மேடம் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற மனிதர். அவருக்கு யாரும் காட்டாத கடைசிப் பக்கம் இது. கடையைப் பற்றிச் சொல்லாமல் துணைநூல் பட்டியலை மட்டும் காட்டலாமே என்று நான் யோசனை சொன்னேன். ரெண்டும் எந்த மெஷின்ல கலந்துச்சுன்னு தம்பையா சார் கேட்பார் என்றாள் பெனிட்டா. இரண்டு பேரையும் கட்டுரையிலிருந்து கேள்வி கேட்கச் சொன்னால் என்ன, ஹரிஹரனால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியாதே என்றார் மேடம்.

"முடியாது. அப்போ உன் கட்டுரை எங்கடான்னு கேப்பாங்க. அவன் என்ன சொல்லுவான்? நளினி அக்கா கடைன்னு சொல்லுவான். அவனுக்குத் தெரியும் மேடம், அது அவனோடது இல்லன்னு. பதில் எழுதச் சொல்லி காலேஜ்ல காப்பியைக் கையில குடுத்த அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். வாயைத் திறந்தா என்ன ஆகும்னும் தெரியும்."

மூன்றடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.  மேடம் விதித் தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். உன் பெயரைக் காப்பாற்றத்தான் உன் அப்பா எங்களை அழைத்தார், நீ சொன்னால் நான் உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றார்.

"சொன்னா திருடின்னு சொல்ல மாட்டாங்க. ஆனா சீட்டு எனக்கு இல்ல, வருஷமும் போச்சு. சொல்லலன்னாலும் அதேதான். சொன்னா கூடவே பதினேழு பேருக்குப் போகும்." அவள் குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. "நான் ஒண்ணும் நல்லவளா இருக்கணும்னு இதைப் பண்ணல மேடம். மாயாபந்தர்ல ஒரே பஜார். அந்தப் பதினேழு பேரு வீட்டையும் தாண்டித்தான் நான் தினமும் தண்ணிக்குப் போகணும்."

"அப்பாகிட்டயாவது உண்மையைச் சொல்லு" என்றார் மேடம்.

"அப்பாகிட்ட சொன்னா, சாயங்காலம் ஜெட்டி பூரா தெரிஞ்சிரும். எம்மவ களவாணி இல்லன்னு வலையைக் கீழ போட்டுட்டு ஒவ்வொருத்தர்கிட்டயா போய்ச் சொல்லுவாரு. அப்பாவால சும்மா இருக்க முடியாது. சொல்ல மாட்டோம்னு சொல்லுங்க, ரெண்டு பேரும்."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் நளினியைப் பார்த்து, நீங்கள் கடைக்குப் போங்கள் என்றார். நளினி போகாமல் அங்கேயே நின்றாள். பெனிட்டா அவள் கையைப் பிடித்து, போங்கக்கா, இன்னும் ரெண்டு வாரத்துல ஜூனியர் பசங்க வருவாங்க, இனிமே பேரை மாத்திட்டு சேவ் பண்ணுங்க என்றாள். அதற்குப் பிறகுதான் நளினி நகர்ந்தாள். நாங்கள் சொல்ல மாட்டோம் என்று சொன்னோம். நான் கொடுத்த வாக்குகளிலேயே எனக்கு இவ்வளவு வெறுப்பைத் தந்தது வேறொன்று இல்லை.

விசாரணை இருபது நிமிடம்கூட நடக்கவில்லை. தம்பையா சார் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. இரண்டு கட்டுரைகளையும் மேசையில் வைத்து, ஓரங்களை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அளந்து காட்டினார். இருவரும் விதிகளை அழகாகப் பின்பற்றியிருக்கிறார்கள், அதனால்தான் தனக்கு இன்னும் வருத்தம் என்றார். கடைசித் தாளை அவர் புரட்டியதும் நான் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அகரவரிசை சரியாக இருக்கிறதா என்று விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். சரியாகத்தான் இருந்தது. மூடி வைத்துவிட்டார். அடிக்குச்சியைத் தவிர வேறெதையும் கட்டுரைக்குள் விட்டிருக்காத மனிதர். 

குடும்பத்தின் சார்பில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மேடத்திடம் கேட்டார். மேடம் எழுந்து நின்றார். பெனிட்டா தலையைத் திருப்பவில்லை.

"இல்லை" என்று சொல்லிவிட்டு மேடம் உட்கார்ந்துகொண்டார்.

பெனிட்டாவும் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றாள். அவளுடைய கட்டுரை தள்ளப்பட்டது, ஒரு வருடம் போனது. இந்த ஆண்டின் சிறந்த கட்டுரை, பாராடாங் துறையைப் பற்றிய அருமையான ஆய்வு, ஹரிஹரனுடையது என்று தம்பையா சார் குறித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் நின்ற பத்தியை அவர் உரக்க வாசித்துப் பாராட்டினார். எழுதியவள் எதிரே கையைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்டாள்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் வேதநாயகம் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். என்ன ஆனது என்பதைக் கதவு வழியாகக் கேட்டிருப்பார் போல. ஆனாலும் மேடத்தின் முகத்தைப் பார்த்து, சொன்னீங்களாம்மா என்று கேட்டார்.

"முடியல ஐயா" என்றார் மேடம். "என்னால முடியல."

அவர் தலையை ஆட்டினார். துப்பறிகிறவர்களே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மகள் பக்கம் திரும்பினார். குரலில் அதட்டல் இல்லை.

"பாத்துதான் எழுதிட்டியா பிள்ள?"

சொல்லிவிடுவது என்று நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். மேடம் என் முழங்கையைப் பிடித்தார். 

"ஆமாப்பா" என்றாள் பெனிட்டா.

வேதநாயகம் அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "சரி. எல்லாப் பிள்ளையும் ஒரு தடவை தடுக்கி வுழும். அம்மகிட்ட நாஞ் சொல்லிக்கிடுதேன், நீ ஒண்ணும் பேசாத" என்றார். பிறகு வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் மகனோடு நின்றிருந்த கோவிந்தராஜை நோக்கி நடந்தார். போகாதீங்கப்பா என்று பெனிட்டா சொன்னது அவர் காதில் விழவில்லை. விழுந்தும் நிற்கவில்லையோ என்னவோ.

அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கோவிந்தராஜின் முன்னால் நின்றார். சின்னப் பிள்ளை, புத்தியில்லாமல் செய்துவிட்டது, உங்கள் பையன் உழைப்பில் கை வைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். கோவிந்தராஜ் பெரிய மனதோடு அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். பின்னால் நின்ற ஹரிஹரன் வாயைத் திறந்தான். இங்கிருந்து பெனிட்டா அவனைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

வேதநாயகம் அந்தப் பையனுக்கும் தனியாக ஒரு தடவை கை கூப்பினார்.